அரை சென்டிமீட்டர் மூச்சு

கருங்காலிப்பட்டில் ஆண் குழந்தை பிறந்தால் எடை பார்ப்பதற்கு முன்னால் மார்பை அளந்துவிடுவார்கள். தாய்மாமன் தையல்கடை டேப்போடு வந்து நின்று, வீறிட்டு அழும் பிள்ளையின் அக்குளுக்கு அடியில் அதைச் சுற்றி, அழுகையின் உச்சியில் ஓர் அளவும் அழுது ஓய்ந்த நேரத்தில் ஓர் அளவும் எடுத்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுவான். நல்ல வித்தியாசம் என்றால் எல்லார் வாயிலும் சர்க்கரை, இல்லையென்றால் பெற்றவள் மேல் ஒரு பார்வை. ஏரி வறண்டு, கிணறு வறண்டு, வேலூர்ப் பக்கத்து வெயிலில் கருவேலம் மட்டும் செழித்த அந்த ஊரில் விளைந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள்தான். ஊர் முகப்பில் ஒரு சிமெண்ட் வளைவு உண்டு, அதில் செத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், கடைசிப் பெயருக்குக் கீழே இன்னும் நிறைய இடம் விட்டு வெள்ளையடித்து வைத்திருப்பார்கள்.

பட்டாளத் தேர்வில் தேறாமல் திரும்பியவர்களுக்கு ஊர் வைத்த பெயர் கழிசல். நேராக நின்றால் முட்டி இடிக்கிறது என்று கழிந்தவன், பாதம் தட்டை என்று கழிந்தவன், பச்சையையும் சிவப்பையும் மாற்றிச் சொல்லிக் கழிந்தவன், காலில் நரம்பு சுருண்டிருக்கிறது என்று கழிந்தவன் எல்லாரும் ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போய்ப் பசை நாற்றத்தோடு இறங்குவார்கள், கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்காருவார்கள், அவர்களுக்கு அப்பளம் வந்து சேரும்போது நமுத்துப் போயிருக்கும். நல்ல கை, நல்ல கால், நல்ல மனசு உள்ள பிள்ளைகள். ஒரு டேப்பும் ஒரு டார்ச் லைட்டும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பெற்ற ஊரே அவர்களைத் தள்ளி வைத்தது.

பூங்காவனத்துக்கு இதில் எதுவுமே பிடிக்காது. ஆனால் அவள் வாழ்க்கைப்பட்டது ஓய்வுபெற்ற ஹவில்தார் ஏகாம்பரத்துக்கு. விடியற்காலையில் வறண்ட ஏரிக்குள் ஊர்ப் பையன்களை ஓட விட்டு, பள்ளம் தாண்ட விட்டு, கம்பியில் தொங்க விட்டுத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர் அவர்தான். கருங்காலிப்பட்டுப் பிள்ளைகள் இந்தியில் முதலில் கற்றுக்கொண்டது மூன்று வார்த்தை. கீஞ்சோ என்றால் மூச்சை இழு, ரோக்கோ என்றால் பிடித்து வை, சோடோ என்றால் விடு. மார்பளவு எடுக்கும்போது டாக்டர் இந்த மூன்றைத்தான் சொல்வார் என்பதால் இந்த மூன்றும் எலும்புக்குள் இறங்கும்வரை ஏகாம்பரம் விடமாட்டார். ரோக்கோ சொல்லிவிட்டுப் பீடி வாங்கக் கடைக்குப் போய்விடுவார். போகிற வழியில் எவனையாவது பிடித்து, ஏரிக்குப் போய் சோடோ என்று கத்து என்பார். அதைக் கேட்டு மூச்சை விட்டவனுக்கு அன்றைக்கு முட்டிபோட்டு ஏரியைச் சுற்றுகிற தண்டனை.

"எவன் புடின்னு சொன்னானோ அவன்தான் விடுன்னு சொல்லணும்" என்பார். "உங்கப்பன் வந்து சொன்னாலும் விடக்கூடாது. சாமியே எறங்கி வந்து சொன்னாலும் விடக்கூடாது. வெளங்குதா?"

அந்தப் பையன்களில் எல்லாரையும்விட நன்றாக விளங்கிக்கொண்டவன் லோகு. ஏகாம்பரத்துக்கும் பூங்காவனத்துக்கும் பிறந்த ஒரே பிள்ளை. பிறந்த அன்றைக்கு அவன் வித்தியாசம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது, அதற்கான பார்வை இன்னும் பூங்காவனத்தின் மேலேயே இருந்தது.

லோகு முதல் தடவை தேர்வுக்குப் போனபோது ஓட்டத்தில் முதல் கூட்டத்தோடு வந்தான், பள்ளத்தைத் தாண்டினான், கம்பியில் வேண்டிய மட்டும் ஏறி இறங்கினான், பல்லைக் காட்டினான், காதைக் காட்டினான், வெட்கத்தை விட்டுக் காட்டச் சொன்னதையெல்லாம் காட்டினான். கடைசியாக மருத்துவக் கூடாரத்தில் மார்பளவு. அங்கே ஒரு மேஜர் டாக்டர் இருந்தார். இந்தக் கதைக்கு அவர் பெயர் தேவையில்லை, அவரும் யார் பெயரையும் கேட்டதில்லை. சும்மா நிற்கும்போது எழுபத்தேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இழுத்தால் எண்பத்திரண்டு ஆக வேண்டும், அதுதான் கணக்கு. சும்மா நின்றபோது லோகுவுக்கு எழுபத்தேழு சரியாக இருந்தது. டாக்டர் கீஞ்சோ என்றார், இழுத்தான். ரோக்கோ என்றார், பிடித்தான். டேப் எண்பத்தொன்றரையில் நின்றது. அரை சென்டிமீட்டர் கம்மி என்று டாக்டர் டேப்பை உருவிக்கொண்டார், அவன் மார்பின் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார், அந்த நேரம் பார்த்து அவருக்கு டீ வந்தது, எழுந்து போய்விட்டார்.

சோடோ என்று சொல்லவில்லை. மறந்துவிட்டார்.

லோகு அப்படியே நின்றான். நின்றவன் இன்னும் கொஞ்சம் இழுத்தான், கூடாரத்தில் இருந்த காற்றில் அந்த அரை சென்டிமீட்டருக்கு வேண்டியது வந்தது, அதற்கு மேலும் ஒன்று வந்தது, மார்பு எண்பத்து மூன்றுக்குப் போனது, பார்க்க ஆளில்லை, டேப்பும் இல்லை. பின்னால் நின்ற வரிசை அவனைத் தள்ளிக்கொண்டே வந்து வெளியில் விட்டது. பஸ் ஏறினான், இறங்கினான், சிமெண்ட் வளைவுக்கு அடியில் நடந்து வந்தான், மூச்சு உள்ளேயே இருந்தது. வாசலில் வந்து நின்ற பிள்ளையின் முகத்தையும் மார்பையும் பார்த்த பூங்காவனத்துக்குக் கையில் இருந்த முறம் நழுவியது.

"விட்டுடுடா கண்ணு" என்றாள். "ஊட்டுக்குத்தான் வந்துட்டியே. விட்டுடு."

அவன் தலையை ஆட்டினான். பேச வேண்டுமென்றால் மூச்சை விட வேண்டும், அதனால் பேசவில்லை. அவள் சோடோ என்று சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிச் சொன்னாள், தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள். ஏகாம்பரம் வந்து பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் கொஞ்சம் பயந்துதான் போனார். அவரும் சோடோ என்றார். பையனின் கண் அவரைப் பார்த்தது. அப்பன் வந்து சொன்னாலும் விடக்கூடாது என்று சொன்னவர் அவர்தானே, வேறு யார்?

மறுநாள் ஊர் வந்து பார்த்தது. மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், ஆடவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், ஆவி படியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் நன்றாக அடிக்கிறது, நுரையீரல் மட்டும் அமைதியாக இருக்கிறது, அமைதியாக இருப்பதற்கு மாத்திரை கிடையாது என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அவன் சாப்பிட்டான், நடந்தான், தூங்கினான். அப்புறம் ஊருக்கு அது பழகிப்போனது. புதுசாக வாங்கிய மாட்டைக் கொஞ்ச நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு ஏரில் பூட்டுவது போல, அவனையும் என்ன வேலைக்கு ஆகும் என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் ஊறியபோது அவன் மூழ்கவில்லை என்று கண்டார்கள். வாழைத்தண்டைப் பிடித்துக்கொள்வது போல அவனைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நீச்சல் பழகின. கல்யாண வீட்டில் புகை மண்டும் அடுப்புக்கு அவனைத்தான் நிறுத்தினார்கள், கண்ணில் மட்டும் தண்ணீர் வடியும், இருமமாட்டான். விஷவாயு நிறைந்த பழைய கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை எடுக்க அவனைக் கயிற்றில் இறக்கினார்கள், எடுத்துக் கொடுத்தான். கீழ்த்தெருவிலிருந்து ஒரு சம்பந்தம்கூட வந்தது, எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று பெண்ணின் அம்மா வெற்றிலையோடு வந்து உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போனாள். அப்பன்மார்கள் மகன்களைக் கூட்டி வந்து காட்டி, பாருடா, இதுதான் ஒழுக்கம் என்றார்கள். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏரிக்கரையில் லோகுவின் படம் போட்டு, மூச்சு விடாத வீரன் என்று பேனர் கட்டினார், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பையன்கள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளை சிரிக்க முடியாமல் உதட்டை மட்டும் விரிப்பதைப் பூங்காவனம்தான் பார்த்தாள். சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாமல் ஆறும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள்தான் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனைக்குத் தெருமுனையிலேயே குரல் கொடுத்துக்கொண்டு ஓடி வருகிறவன், அது கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவன் தூங்கும்போது வரும் மெல்லிய சீழ்க்கைச் சத்தம் இல்லாமல் வீடு இழவு வீடு போல இருந்தது. தெருவில் ஆம்பளைகள் அவனைப் புகழும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் பல்லைக் கடித்தாள், கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல்லே ஆடத் தொடங்கியது.

பள்ளிக்கூடத்து மலக்குழி நிரம்பியபோது ஊராட்சித் தலைவர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டு, நல்ல காரியம் பேசுகிறவர் போலப் பேசினார்.

"மெஷின் வர்றதுக்கு நாளாவும் அக்கா. புள்ளைங்க பள்ளிக்கூடம். தம்பிக்குத்தான் நாத்தமும் தெரியாது, வாயுவும் ஏறாதே. ஒரு அரை மணி நேரம் எறங்குனா போதும்."

ஏகாம்பரம் யோசிப்பது போலத் தாடையைத் தடவினார். அதைப் பார்த்ததும் பூங்காவனம் உள்ளே போய் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உம் புள்ளைக்கும் ரெண்டு கையி மூக்க மூடறதுக்கு கீது. அவன எறக்கு" என்றாள். "இவன நாட்டுக்கு வோணாம்னு சொல்லிட்டானுங்க. பீக்குழிக்கு வோணும்னு நீ வந்து நிக்கிற. ஒரு அடி உள்ள வெச்சிப் பாரு."

தலைவர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார். அவள் அரிவாள்மணையைக் கீழே வைக்காமல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த டாக்டரு எங்க கீறான்?"

"அவரு மாத்தலாயிப் போயிட்டாரும்மே. விசாரிச்சிட்டேன். வர்ற தேர்வுக்கு வருவாருன்னு சொல்றாங்க." ஏகாம்பரம் குரலைத் தணித்து, ரகசியம் சொல்லும் பாவனையில் சொன்னார். "நானே அதுக்குத்தான் காத்துகினு கீறேன். இவன் மாரு இப்ப எண்பத்தி மூணும்மே. அப்படியே கொண்டுபோயி நிறுத்துனா எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் விடாம இருக்கறதுதான் நல்லது."

அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, புருஷன் காத்திருப்பது வேறு, தான் காத்திருப்பது வேறு என்று. மூச்சு வெளியே வர அவள் காத்திருந்தாள். அது உள்ளேயே இருக்கும்படி அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்வு அதே மைதானத்தில் வந்தது. பெயர் கூப்பிட்டால் ஆஜர் சொல்ல வேண்டும், லோகுவால் சொல்ல முடியாது, அவனுக்குப் பதிலாகச் சொல்ல ஒருவர் கூடப் போகலாம் என்று வாசல் காவலில் நின்றவன் இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டான். ஏகாம்பரம் சட்டையை இழுத்துவிட்டு முன்னால் வந்தார். பூங்காவனம் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினாள்.

"நீ அவன் வாய மூடுனவன். நீ எப்படி அவனுக்கு வாயாவ?"

பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏகாம்பரம் கட்டைவேலிக்கு வெளியில் நின்றுகொண்டார். அவள் ஆஜர் சொன்னாள். அவன் ஓடிய ஓட்டத்துக்கு அவள் ஓரமாகவே ஓடினாள். இடுப்புக்கு மேல் துணியில்லாமல் வரிசையாக நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே மருத்துவக் கூடாரத்துக்குள் போனாள். அங்கே அதே மேஜர் டாக்டர் உட்கார்ந்திருந்தார், மேஜை மேல் அப்போதுதான் வந்த டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழுதிக்கொள்கிற ஒரு தமிழ்ச் சிப்பாய் இருந்தான்.

டாக்டர் டேப்பைச் சுற்றினார். எண்பத்து மூன்று. புருவம் உயர்ந்தது. கீஞ்சோ என்றார். லோகு இழுத்துப் பார்த்தான், இழுக்க இடமில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, டேப் நகரவில்லை. டாக்டர் இன்னொரு தடவை கீஞ்சோ என்று சலித்துக்கொண்டார், அப்புறம் என்னவோ சொல்லிவிட்டு டேப்பை உருவி மேஜையில் போட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்று பூங்காவனம் சிப்பாயைக் கேட்டாள்.

"மார்பு விரியலயாம்மா. அஞ்சு சென்டிமீட்டர் விரியணும், ஒண்ணுமே விரியல. தகுதியில்லன்னுட்டாரு."

"விரிச்சது விரிச்சபடியே நிக்குதுன்னு சொல்லு. இவர்தான் போன வாட்டி புடிச்சி வெக்கச் சொன்னாரு, விடச் சொல்லவேயில்லன்னு சொல்லு. ஒரு வார்த்த. சோடோன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டா நாங்க ஊட்டுக்குப் போயிடுவோம்."

சிப்பாய் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னான். டாக்டர் லோகுவின் மார்பைப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை, எத்தனையோ மார்புகள் அவர் கையில் வந்து போயிருக்கின்றன. பேனாவை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் பெருக்கல் குறி போட்டார். போட்டுவிட்டு டீ டம்ளரை எடுப்பதற்காக எழுந்தார்.

பூங்காவனத்துக்குள் அந்தக் குறி சூட்டுக்கோல் மாதிரி இறங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியலில் ஏரிப் பக்கத்திலிருந்து அடுக்களை வரைக்கும் வந்து விழுந்த சத்தம் அத்தனையும் அவள் காதில் இருந்தது, எந்த வார்த்தையை எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எங்கே குரலைத் தூக்க வேண்டும் என்பது உப்பு புளி கணக்கு மாதிரி அவளுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து நின்றாள், அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"சாவ்தான்!"

விறைத்து நில் என்கிற அந்த ஒரு வார்த்தைக்குக் கூடாரத்துக்குள்ளும் வெளியிலும் சீருடையில் இருந்த அத்தனை பேரின் குதிகாலும் சேர்ந்து தட்டியது. மேஜர் டாக்டரின் குதிகாலும் தட்டியது. தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிவதற்குள் முதுகு நேராகி, கை தொடையில் ஒட்டிக்கொண்டது.

"கீஞ்சோ!" என்றாள். டாக்டர் இழுத்தார். "ரோக்கோ!" என்றாள். பிடித்தார்.

மேஜையில் கிடந்த டேப்பை எடுத்து அவர் மார்பைச் சுற்றி, சிப்பாயிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். இழுப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, சட்டைப் பொத்தான் நகர்ந்த தூரத்தைப் பார்த்தாலே அவர் கேட்ட அஞ்சு சென்டிமீட்டர் தேறாது என்று தெரிந்தது. வரிசையில் நின்ற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் டேப்பை உருவிக்கொண்டு, அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவர் டீயை எடுத்து ஊதினாள், ஒரு வாய் குடித்தாள், மறுபடியும் ஊதினாள்.

டாக்டரின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. மூச்சை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரியும், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் உடம்பு விடவில்லை. அவரையும் எங்கோ ஒரு மைதானத்தில் எவனோ ஒருவன் பழக்கித்தான் அனுப்பியிருந்தான். சிப்பாய்கள் விறைத்து நின்றார்கள், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டரின் கண் மட்டும் நகர்ந்து லோகுவிடம் போனது. அப்போதுதான் முதன்முதலாக அவர் அவன் மார்பைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஒரு டீ குடிக்கிற நேரம்தான் புடிச்சிருக்க" என்றாள் பூங்காவனம். "எம்புள்ள ஒரு வருசம்."

டம்ளரில் கடைசி வாய் தீர்ந்ததும் கீழே வைத்தாள்.

"சோடோ."

டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டார், இருமினார். இருமல் அடங்கியதும் கரகரத்த குரலில், யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லாமல், லோகுவைப் பார்த்துச் சொன்னார்.

"சோடோ."

லோகு விட்டான். முதலில் சன்னமான சீழ்க்கையாக வந்தது, பூங்காவனத்துக்குத் தெரிந்த அதே சீழ்க்கை, பிறகு அது காற்றானது, போன வருஷத்துக் கூடாரத்தின் ஸ்பிரிட் வாடையும் வியர்வையும் டீயும் அதில் இருந்தன, சிரிக்காத சிரிப்பும் போடாத கூச்சலும் கிணற்றுக்குள்ளும் புகைக்குள்ளும் விழுங்கிய அத்தனை வசவும் அதில் இருந்தன, கூடாரத்தின் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்து துணி வானத்தில் போனது, சுண்ணாம்புக் கோடுகள் கலைந்து பறந்தன, உயரம் அளக்கிற கட்டை சாய்ந்தது, அன்றைக்குக் கழிந்து நின்ற முட்டி இடிக்கிறவனும் பாதம் தட்டையானவனும் மைதானத்தின் நான்கு பக்கத்திலும் முகத்தைத் தூக்கி அந்தக் காற்றை வாங்கிக்கொண்டார்கள். அது ஓய வெகு நேரமானது. ஓய்ந்தபோது லோகு தன் பழைய மார்போடு, குச்சி மாதிரி, தூசிக்கு நடுவில் நின்றான்.

கட்டைவேலி விழுந்துவிட்டிருந்தது. ஏகாம்பரம் அதைத் தாண்டி ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சுண்ணாம்பு. மகனைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறார் என்று பூங்காவனம் ஒரு கணம் நினைத்துவிட்டாள். அவர் மண்ணில் கிடந்த டேப்பைப் பொறுக்கி எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"சார், இப்ப அளங்க சார். இப்ப காலியாக் கீது சார், இழுத்தா அஞ்சுக்கு மேலயே வரும். ஒரே ஒரு தடவ அளந்து பாருங்க சார்."

டாக்டர் டேப்பை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது மட்டுமில்லை, அவன் பக்கம் ஒரு அடி வைத்தார், அக்குளுக்கு அடியில் சுற்றினார். ஏகாம்பரம் கையைத் தூக்கினார்.

"லோகு! கீஞ்சோ!"

மைதானத்தில் நின்ற பையன்கள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"கீஞ்சோடா!" என்று ஏகாம்பரம் மறுபடியும் கத்தினார். "இழுடா, ஒரே ஒரு தடவ."

லோகு அப்பாவைப் பார்த்தான். மார்பில் சுற்றியிருந்த டேப்பைக் குனிந்து பார்த்தான். பிறகு அம்மா இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டு மூச்சு விட்டான், வாங்கினான், விட்டான், யாரும் சொல்லாமல்.